நிழல் தனியாக விற்கப்படும்

ஷார்ஜா, சஜா. ஆறாம் கேம்ப், மூன்றாம் மாடி.
எட்டுக் கட்டிலுக்கு ஒரு லேப்டாப்.
சனி இரவுகளில் நாங்கள் ஊர் கட்டுகிறோம்.
மூன்று வருடமாக வளர்ந்த ஊர்:
ஓர் ஆறு, மேலே பாலம்,
பாலத்தடியில் மகுடபதி பிடிவாதமாக வைத்த பரோட்டாக் கடை.
விளையாட்டில் அதன் பெயர் 'உணவகம், நிலை இரண்டு'.

போன வாரம் புது விரிவாக்கம் வந்தது.
பாலைவன நகரம். எழுபத்தொன்பது திர்ஹம்.
கண்ணாடிக் கோபுரம் உண்டு, கடலில் கொட்டிய தீவு உண்டு,
ஒட்டகப் பந்தயம் இலவசம்.
தொழிலாளி ஒருவன் மூன்று காசு.
வெயில் ஏற ஏற அவன் தலைக்குமேல் ஒரு கோடு சிவக்கும்.
முழுக்கச் சிவந்தால் மறைந்துவிடுவான்.
இன்னொரு மூன்று காசு, இன்னொருவன்.

உலகமெங்கும் இதற்குச் சண்டையாம்.
வாங்காதீர்கள் என்கிறார்களாம்
குளிர்ந்த நாட்டுக்காரர்கள், எங்களுக்காக.
எங்களுக்காக!
சிரித்ததில் மகுடபதிக்கு டீ மூக்கில் ஏறியது.

கிளிஸ்ரன் சிரிக்கவில்லை. மன்னார்க்காரன், சாரம் கட்டுகிறவன்.
"பகிஷ்கரிக்க வேணும். நாங்களே காசு குடுத்து
எங்களை வாங்கிறதோ?"
அந்தச் சொல்லை அவன் சொல்லும்போது
கடைத்தெரு முழுக்க ஷட்டர் விழும் சத்தம்.
நாங்கள் புறக்கணிப்பு என்போம்.
அது சுவரில் ஒட்டியதோடு சரி.

சிக்கந்தர் வாங்கலாம் என்றான்.
"வாங்கினா நான்தானே அங்கே முதலாளி?
பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்துவேன்.
எவன் கேட்பான்?"
நிறுத்த வழி இருக்கிறதா என்று தேடினோம்.
இருந்தது.
'மதிய நிழல்': தனி இணைப்பு,
அடுத்த மாதம் வரும், பதினைந்து திர்ஹம்.

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.

நாங்களும் ஒருமுறை புறக்கணித்திருக்கிறோம்.
மெஸ் சாம்பாரை, முழுதாக ஒரு நாள்.
இருநூற்றுப் பத்துத் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.
மறுநாள் சாம்பார் மாறவில்லை,
சம்பளச் சீட்டு மாறியது.
அந்தச் சீட்டை அடித்தவன் நான்.

சொல்ல மறந்தேனே, நான் டைம்கீப்பர்.
காலை நாலரைக்குப் பஸ் கதவில் நின்று எண்ணுகிறவன்.
ஆளுக்கு ஒரு வரிசை. பெயருக்குக் கட்டம் போதாது,
எண்ணே போதும்.
கிளிஸ்ரன் 4417, சிக்கந்தர் 3862.
வராதவனுக்குச் சிவப்பு.
போன ஆகஸ்டில் 4090 சிவந்தான்.
ஆஸ்பத்திரி என்றார்கள், அப்புறம் ஊர் என்றார்கள்,
அப்புறம் அதே வரிசைக்கு வேறொருவன் வந்தான்.
அழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.
மேலேயே தட்டினால் போதும்.

வாக்கெடுப்பு நாலுக்கு மூன்று: வாங்குவதில்லை.
என் கை எந்தப் பக்கமும் எழவில்லை.
சேர்த்த காசில் ஞாயிறன்று கோழி எடுத்தோம்.
உப்பு கூடிப்போயிற்று.

திங்கள் இரவு இரண்டு மணிக்கு
என் அட்டையில், என் காசில், வாங்கினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
ஒரே ஒருவனை மணலில் இறக்கினேன்.
கோடு சிவக்கத் தொடங்கியது.
நிழலைத்தான் அவர்கள் இன்னும் விற்கவில்லையே,
இருந்த பணம் மொத்தத்தையும் கொட்டி
ஒரு கோபுரம் எழுப்பினேன், யாரும் குடியேறாத கோபுரம்.
அதன் நிழலில் அவனை நிறுத்தினேன்.
நிழல் நகர்ந்தது, அவனை நகர்த்தினேன்.
'சும்மா இருக்கிறான்' என்று விளையாட்டு எச்சரித்தது,
வருமானம் பூஜ்யம் என்றது,
நகரம் திவால் என்றது.
நகர்த்திக்கொண்டே இருந்தேன், அங்கே சூரியன் விழும்வரை.
இங்கே அலாரம் அடித்தது.
பஸ் கதவுக்குப் போய் எண்ணினேன்.

சனி இரவு கிளிஸ்ரன் லேப்டாப்பைத் திறந்தான்.
முகப்பில் மணல் நிறப் படம்.
என் பக்கம் திரும்பவில்லை.
ஆற்றையும் பாலத்தையும் தேடி எடுத்துக்கொண்டே
கேட்டான்,
"இப்பவும் மூண்டு காசுதானோ?"